இரண்டாம் முறை வந்த இரண்டரை மணி

அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். இது என் நண்பன் ரீஸின் அக்கா டேம்சினுக்கு நியூசிலாந்தில், டனிடின் நகரத்தில் நடந்தது.

ஏப்ரல் முதல் ஞாயிறு. விடியற்காலை இரண்டு மணி எட்டு நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு முன்பும் இதே இரண்டு மணி எட்டு நிமிடம்தான்... அன்று மூன்று அடித்ததும் கடிகாரமெல்லாம் குளிர்காலத்துக்காக மறுபடி இரண்டுக்குப் போய்விடும். துறைமுகத்தை ஒட்டிய சாலை. விளக்கு கிடையாது. இடப்பக்கம் தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் மட்டும். டேம்சின் காரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது மூன்றே பேர் மிஞ்சிய மென்பொருள் கம்பெனி. முதியோர் இல்லத்தில் யாருக்கு எப்போது என்ன மருந்து என்று நர்ஸுக்குத் திரையில் சொல்கிற மென்பொருள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து, பிழை இருந்தால் குறிப்பு எழுதவேண்டும். நிரலை எழுதியவர் அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் குறிப்பை மூடலாம். அங்கே அதுதான் வழக்கம்.

மூன்று வாரமாக அவளுக்கு நெவில் பெயரில் குறிப்பு வந்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த நெவில் ஜனவரியிலேயே செத்துவிட்டார். சோம்பலில் யாரும் அவர் கணக்கை மூடவில்லை.

பக்கத்து மேஜை ஹேமிஷ் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். வேலை நிரந்தரமாவதற்கு முந்தைய அவள் சோதனைக் காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. அந்த இடத்துக்குத் தன் சிநேகிதனைக் கொண்டுவரப் பார்க்கிறான் என்று நினைத்தாள். நெவிலின் கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும்.

“செத்தவர் பேர்ல எழுதறது நீதானே?”

“நீ எழுதறதப் படிச்சாலே எனக்குக் கண்ணு சொக்குது. இதுல பேய் வேஷம் வேறயா?”

சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிக் குறிப்பு. ‘ஞாயிறு இரண்டரை மணி இரண்டு முறை வரும்.’ மிரட்டுகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் எழுதாமலே மூடினாள். நெவிலின் கணக்கையும் அழித்தாள். தன் நிரலை அப்படியே இல்லத்தின் பயன்பாட்டுக்கு அனுப்பினாள்.

ஞாயிறு தூக்கம் கலைந்து போனைப் பார்த்தபோது 2:59... அடுத்தது 2:00. அப்போதுதான் உறைத்தது, குறிப்பு சொன்னது தன் நிரலில் இருந்த பிழையை என்று. ஒன்பதாம் அறைக் கிழவருக்கு இரண்டரைக்கு மார்ஃபின் ஊசி. திரை அதை இன்னொரு தடவை கேட்கும்; ஒரு மணி நேரத்தில் இரண்டு ஊசி போட்டால் உயிர் போய்விடும். முதல் ஊசி போட்ட நர்ஸ் மூன்று மணிக்கு ஓய்வுக்குப் போயிருப்பாள். அடுத்தவள் திரை சொல்வதைச் செய்வாள். அன்றைய மருந்துப் பட்டியல் ஏற்கெனவே இல்லத்துக் கணினியில் இறங்கிவிட்டது, வீட்டிலிருந்து நிறுத்த வழியில்லை. இல்லத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது 2:34. டெட்டால் வாடை. எங்கோ ஒரு குழாய்... சொட்டு, சொட்டு. மேஜையில் லோசா என்ற நர்ஸ்.

“மென்பொருள் கம்பெனியிலேர்ந்து வர்றேன். ஒன்பதாம் அறை... ரெண்டாவது ஊசி போட்டுட்டீங்களா?”

“போடலையே. உங்க ஆபீஸ்காரர்தான் வந்து தடுத்துட்டாரே.”

டேம்சினுக்குப் போன உயிர் வந்தது. கூடவே சந்தேகமும். அப்படியானால் ஹேமிஷுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.

“செம்பட்டை முடி, உயரமா ஒருத்தனா?”

“இல்ல, வயசானவர். வழுக்கை. பேரு நெவில்னார்.”

டேம்சின் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“எப்போ... போனார்?”

“எங்க போனார்? குறிப்ப மூடின பொண்ணு நேர்ல வர்றதுதான் பதில், அதுவரைக்கும் எழுந்திருக்கமாட்டேன்னு அங்கதான் உக்காந்திருக்கார்.” லோசா எழுதுவதை நிறுத்தாமலே கையைக் காட்டினாள்.

சுவரோரம் ஒற்றை நாற்காலி. காலி. அழுந்திக் கிடந்த அதன் மெத்தை... மெல்ல, மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.