மாட்டெலும்பும் வஞ்சிரமும்

"மாட்டெலும்புத் தூளை உள்ள வெச்சுத் தைச்சாத்தான் எனக்குப் பல்லு நிக்குமாம்."

தாம்பரத்தில் கிளம்பிய மின்ரயிலில் எதிர் சீட்டுக்காரர் மனைவியிடம் இப்படிச் சொன்னதும், நான் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் மடியில் பல் டாக்டர் கொடுத்த எக்ஸ்ரே கவர் இருந்தது.

"எதுக்காம்?"

"மேல் தாடையில, சைனஸுக்குக் கீழ எலும்பு ரொம்ப மெலிசா இருக்காம். புதுப்பல்லுக்குப் போடற ஸ்க்ரூ பிடிக்காதாம்."

"முட்டை போட்டிருப்பாங்கன்னு கேக்கையே தொடமாட்டீங்க. வேற வழி கேட்டீங்களா?"

"கேட்டேன். என் மோவாயிலேர்ந்தே எலும்பு சுரண்டி எடுக்கலாமாம். அதுக்கு அங்கயும் கீறணுமாம்."

"அதனால?"

"மாடே போதும்னுட்டேன்."

அந்தம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"உங்க வீட்டு வழக்கம்னு இருபத்தாறு வருஷமா மீனை விட்டேன். எங்கம்மா வீட்டுக்குப் போனாத்தான் எனக்கு வஞ்சிரம். ஞாபகம் இருக்கா?"

"இது வைத்தியம்மா. நாக்குலகூடப் படாது."

"உங்க வாய்க்குள்ள மாடு வரலாம், நம்ம வீட்டுக்குள்ள மீன் வரக்கூடாதா?"

குரோம்பேட்டை தாண்டும்வரை அவர் எக்ஸ்ரே கவரையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஞாயித்துக்கிழமை வாங்கிக்கோ. சட்டி, தட்டு மட்டும் தனியா வெச்சுக்கோ."

"வெச்சுக்கறேன். புதுப்பல்லு கட்டினதும் அந்தத் தட்டுலயே உங்களுக்கும் தயிர்சாதம் போடறேன்."