அக்கா தலைமுழுகிய தம்பி

பஸ்ஸில் காதில் விழுவதை எழுதிவைக்கலாமே என்று எனக்குச் சட்டென்று தோன்றியது இந்த ஒரு பேச்சால்தான்: “எங்க அக்கா என்னைத் தலைமுழுகுனது குத்தாலத்துப் பெரிய அருவியில.”

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ். ஆவணிச் சாரல் ஜன்னல் வழியே அடித்தது. முன் இருக்கையில் இரண்டு பேர். சொன்னவருக்கு முப்பது வயதிருக்கும். பக்கத்திலிருந்தவர் சற்று மூத்தவர்; சிரித்துவிட்டார்.

“சீசன்லயா? அந்தக் கூட்டத்துல முழுக இடம் கெடச்சுதாக்கும்!”

“சிரிக்காதிய அண்ணாச்சி. நான் ஞானஸ்நானம் எடுத்த மறுநாளு. தம்பி செத்துட்டான்னு முழுகிட்டு, ஈரச்சேலையோட வீட்டுக்குப் போனா. அஞ்சு வருசமாச்சு.”

“அவள மன்னிச்சாச்சுன்னு வேதபாட வகுப்புல எந்திரிச்சுச் சொன்னியேப்பா?”

“சொன்னேன். அதுக்கப்புறந்தான் உறுத்துது. ஞானஸ்நானம் எடுக்கப்போறேன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. சந்தையில எவளோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. தாயில்லாத என்னை வளத்தவ. மன்னிப்பு நான்லா கேக்கணும்?”

மூத்தவரின் சிரிப்பு நின்றது.

“நாளைக்கு அவ மகனுக்குக் காதுகுத்துன்னியே. பிள்ளைய உக்கார வைக்கத் தாய்மாமன் மடி வேணும்லா. கூப்பிட்டாளா?”

“இல்ல. ஆனாலும் இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன்.”

“முகத்துக்கு நேரா கதவச் சாத்தினா?”

“சாத்தட்டும். கேக்கது என் வேலை. அவ மனச கர்த்தர் பாத்துக்கிடுவாரு.”

மேலகரத்தில் பஸ் நின்றது. இளையவர் எழுந்து, பையிலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்து மூத்தவர் கையில் கொடுத்தார்.

“இத நீங்க வச்சிருங்க. இதக் கண்டா அவ நான் பேசுதத கேக்க மாட்டா. முதல்ல மன்னிப்பு கேட்டுட்டு வாரேன்.”