பன்னிரண்டாவது அறை

நிலவறை வரைய முதலில் வேண்டியது நல்ல அழிரப்பர். உங்கள் தம்பிக்கும் இதைச் சொல்லிப் பார்த்தேன். இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர், அவருக்குக் கால்குலேட்டர் போதும்.

என் தங்கையைத் திரும்ப உங்கள் தம்பியிடம் அழைத்துப் போக வந்திருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஞாயிறுதோறும் இந்த மேசையில் விளையாடுவோம். பூதங்களும் பொறிகளும் நிறைந்த நிலவறை ஒன்றை நான் தாளில் வரைவேன். அவர்கள் வீரர்களாக உள்ளே போவார்கள். நடப்பதைச் சொல்வது நான், முடிவெடுப்பது அவர்கள். தங்கை வாள்வீராங்கனை. உங்கள் தம்பி மந்திரவாதி. தங்கையின் தோழியை நான்தான் வரவழைத்து வைத்தியர் ஆக்கினேன்.

தங்கை கல்யாணமாகிப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் என் பூதங்களுக்குச் சிரிக்க ஆளில்லை. ஒருநாள் போனில் அழுதாள். "நூத்தி மூணு டிகிரி காய்ச்சல்ல கிடக்கறேன், லீவை வருஷக் கடைசிக்குச் சேத்து வைக்கணும்னு ஆபீஸ் போயிட்டாருண்ணா." ஆறுதல் சொன்னேன். குறித்தும் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் வரைந்தேன். முதல் பதினோரு அறைகளுக்கு வேலை ஒன்றுதான்: அவர்கள் கையிலிருந்த மருந்தையெல்லாம் தீர்ப்பது. பன்னிரண்டாவதில் வெள்ளம் ஏறும். மேலே மந்திரவாதி, கையில் ஒரு கயிறு. கீழே தங்கையும் தோழியும். கயிறு ஒருத்தியைத்தான் தாங்கும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை," என்றேன். அவசரப்படுத்தினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மச்சான்? மருந்தே இல்ல. வைத்தியர் போனா எல்லாரும் காலி. அவங்களைத் தூக்கறேன்." தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை மனுஷன்.

தங்கை தன் பகடைகளைப் பையில் போட்டாள். "என் முகத்தையாவது ஒரு தடவை பாத்திருக்கலாம்ல," என்றாள்.

"விளையாட்டுக்குப் போய்க் கோவிச்சுக்கறியே," என்றார் அவர். இதை மட்டும் நான் திட்டமிடவில்லை. போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் மட்டும்தான் வீடு திரும்பினார்.

ஆமாம், பிரித்தது நான்தான். ஆனால் கயிற்றை நானா வீசினேன்? அவளிடம் போய்ச் சொல்லுங்கள், தாராளமாக. உங்கள் வீட்டார் வந்து அண்ணன்மேல் பழி போடுவார்கள் என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறேன்.

உள்ளறையில்தான் இருக்கிறாள். ஒன்பது நாளாக யாரிடமும் பேச்சில்லை, என்னிடமும்தான். ஓய்வெடுக்கிறாள், பாவம். அவளுக்காகப் புது நிலவறை ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன், நாங்கள் இருவர் மட்டும் விளையாட. வெளியே போகும் வழி வரையவில்லை. அவளுக்கு எதற்கு அது?