படுத்தபடி எடுத்த கொழுந்து

வண்டிப்பெரியாரில் புறப்படக் காத்திருந்த பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து படுத்துக்கிட்டே மூணு நிரை கொழுந்து எடுத்தேன்க்கா" என்றாள்.

நான் நிமிர்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் இருந்த மூத்தவளும்தான்.

"தண்டுவடத்துல ஆபரேசன் பண்ணி ரெண்டு மாசம் ஆகல. தேயிலைக் காட்டுக்கா போன?"

"எங்க போறது. கண்ண மூடிக்கிட்டு மனசுலதான். வலி வந்தா கூடவே பயமும் வருது. இனி வேலைக்குப் போக முடியுமா, எஸ்டேட்டுல குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாகளான்னு. கொழுந்து எடுத்தா ரெண்டும் கொஞ்சம் அடங்குது."

"அப்புறம் எடை போடுற எடத்துக்குக் கொழுந்துச் சாக்கை யாரு தூக்குனா?"

இளையவள் இடுப்பு பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"அங்க வந்ததும் நின்னுருதேன். கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருல்ல. மனசுலகூடத் தூக்கப் பயமா இருக்கு. சாக்கு அங்கனயேதான் கெடக்கு."

பேருந்து நகர்ந்தது. மூத்தவள் அவள் மடியிலிருந்த எக்ஸ்ரே உறையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என்னையப் பக்கத்து நிரையில நிறுத்திக்க. சாக்கை நான் தூக்கிட்டு வாரேன்."