மஞ்சள் நாடா ஒட்டிய பை

எனக்குத் தக்காளி ஒத்துக்கொள்வதில்லை. ஒரு துண்டு தின்றாலும் நெஞ்செரியும். ஆனாலும் வெள்ளவத்தையில் உள்ள இந்த ஆய்வுகூடத்தில் தக்காளியின் வாடல் நோயோடுதான் என் காலம் போனது. இங்கே விசாரணை நடத்தும் உங்களுக்கு அந்த நோயைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும்.

வாடலை உண்டாக்கும் பக்டீரியா செடியின் காவல் புரதங்களோடு சண்டை பிடிப்பதில்லை. கலத்துக்குள், அதாவது செடியின் உயிரணுவுக்குள், தன் புரதம் ஒன்றைச் செலுத்தி, அவற்றின்மேல் கழிவு என்று குறி ஒட்ட வைக்கிறது. குறி விழுந்ததைக் கலமே உடைத்துப் போடும். அது அதன் அன்றாடத் துப்புரவு வேலை. பக்டீரியா சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இதை ஹம்சிகாவுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அவள் என் மாணவி. அந்தக் குறி ஒட்டவே முடியாத காவல் புரதம் கொண்ட செடிகளை உருவாக்கினாள். மாநாட்டில் வைத்த சுவரொட்டியில் அவள் பெயர்தான் முதலில். என் பெயர் அடியில், நன்றி சொல்லும் வரியில், மின்விசிறி பழுது பார்த்தவனுக்கு அடுத்ததாக. பெயர் எனக்கு ஒரு பொருட்டே அல்ல. அந்த நன்றிகெட்டதனம்தான் வயிற்றை எரித்தது. அவள் கைதட்டல் வாங்கியபோது கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. நான் பண்பான மனிதன்.

எங்கள் கூடத்தில் ஒரு விதி. மஞ்சள் நாடா ஒட்டிய கறுப்புப் பை என்றால் நோய்க்கழிவு; அதை யாரும் திறக்கக் கூடாது, கிருமி பரவும். காலையில் முதல் வேலையாக அதை நீராவி இயந்திரத்தில் வைத்து அவித்துவிட வேண்டும். வழக்கமாகச் செய்பவன் ரொஷான். அந்தோனியார் திருநாளில் அவன் கொச்சிக்கடைக் கோயிலில் நிற்பான் என்பது அந்தக் கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டாஞ்சேனைக்காரனான எனக்குத் தெரியாதா? அன்று அந்த வேலை ஹம்சிகாவுக்கு. அவள் வருமுன் அவளுடைய செடிகள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் பையில் போட்டேன். ஒன்றுகூட இன்னும் காய்த்திருக்கவில்லை. வேறு விதையும் கிடையாது. நாடா ஒட்டினேன்.

“சேர், இதென்ன இவ்வளவு பாரம்?” என்று கேட்டாள்.

“நாடா ஒட்டினதைத் திறக்கிறேல்லை, பிள்ளை.”

தன் கையாலேயே உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். நான் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வெறுமையாகக் கிடந்த தன் செடித் தட்டுகளைக் கண்டு தரையில் குந்திவிட்டாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

“ஆரோ மாறிப் போட்டிட்டினம், சேர். நான் ஒருக்காத் திறந்து பாத்திருக்கலாம்,” என்று அழுதாள். அடுத்த கிழமை வேலையை விட்டுப் போனாள். அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை.

நேற்று உங்கள் அறிக்கையை வாசித்தேன். ஹம்சிகாவின் கவனக்குறைவாம். பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயர். நான் சாட்சிகளில் ஒருவன், அவ்வளவுதான். இதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? அந்த நாளைத் தெரிந்தெடுத்தவன் நான். பிடுங்கியவன் நான். அழித்தவன் நான். அவளுக்கு ஏது அந்த மூளை?

திருத்தி எழுதுங்கள். கிளெமென்ற் என்று, இந்த முறையாவது, என் பெயரை முதலில் போடுங்கள்.