தலைச்சோலை ஸ்டேஷன்

— சட்டையத் தொவைக்கலாம்னு பையக் கவுத்தேன். உள்ளார அமுதா இருக்கறா. இதென்னங்க இது?

— அது ஒரு படம், சசி. நனைச்சுப் போடாத. இப்படிக் குடு.

— நனைஞ்சா நனையட்டும். மேல ‘அமுதா, தலைச்சோலை’ன்னு எழுதியிருக்குது. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?

— எழுதினது நாந்தான். பிரிச்சுப் பாரு, உள்ள வெறும் ரயிலு ரூட்டு.

— ஓ. அதனாலதான் வந்து எறங்கினதும் எறங்காததுமா, தலைச்சோலை வரைக்கும் போயிட்டு வரணும்னீங்களா? ரயிலு ஓட்டிக் காட்டவா?

— முழுசாக் கேளு. சென்னையில நாங்க பூமிக்கடியில தோண்டறமே, மெட்ரோ. இனிமே வரப்போற ரூட்டயெல்லாம் எங்க இஞ்சினியரு கலர் கலராக் கோடு போட்டு ஆபீசுல ஒட்டி வெச்சிருக்கறாரு. ஒரு ஞாயித்துக்கெழம நல்ல மழை, வேல இல்ல. தகரச் செட்டுக்குள்ள நாங்க சேலத்துக்காரங்க அஞ்சு பேரு. நம்ம ஊருக்கும் ஒண்ணு போட்டுப் பாக்கலாம்னு ஒக்காந்தோம்.

— சேலத்துக்கே அந்த ரயிலு இல்ல. நீங்க மலைக்கே ஏத்திட்டீங்களாக்கும்.

— ஏத்தியாச்சு. இங்க பாரு. ஜங்ஷன், அஞ்சு ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். அதுக்கு மேல இருபது வளைவும் வேண்டாம்னு உட்டுட்டு, நேரா மலையக் கொடஞ்சு ஏரிக்கரையில வெளிய வருது. பதினஞ்சு நிமிசம். பஸ் ஜன்னல்ல தலைய உட்டு வாந்தியெடுக்கற வேலையே இல்ல.

— ஏரிக்கு அப்புறம்?

— அப்புறம் தலைச்சோலை. கடைசியா சேர்வராயன் கோயிலு.

— கோயிலுக்கு நேராப் போற கோடு, தலைச்சோலைக்கு எதுக்கு நெளிஞ்சு போயிட்டு வருது?

— அந்தப் பக்கம் மேடு நொம்ப ஜாஸ்தி. ரயிலு நேரா ஏறாது.

— மலையவே கொடையற ரயிலுக்கு மேடு தெரியுதாக்கும். மத்த ஊருக்கெல்லாம் வெறும் பொட்டு வெச்சிருக்கறீங்க. தலைச்சோலைக்கு மட்டும் செவப்பு மை, ஓட்டுக் கூரை, ஒக்கார பெஞ்சு. பெஞ்சுக்குப் பக்கத்துல பூச்செடி வேற. எஸ்டேட்டு ஊடு ஒழுகுது, ஒரு தார்ப்பாய் வாங்கியாங்கன்னு மூணு மாசமா போன்ல கத்தறேன்.

— பேப்பர்ல கூரை போட காசு ஆவாது, சசி.

— மனசு ஆகுமில்ல. செரி, கிளியூரு எங்க?

— எந்தக் கிளியூரு?

— நாம குடியிருக்கற கிளியூரு. நீங்க இப்ப ஒக்காந்து டீ குடிக்கற கிளியூரு.

— அது… எடமில்லாமப் போயிருச்சு.

— எடமெல்லாம் இருந்திருக்குது. ஏரிக்குப் பக்கத்துல ரப்பர் போட்டு அழிச்சிருக்குது, வெயில்ல புடிச்சாத் தெரியுது. பொண்டாட்டி ஊர அழிச்சுட்டு மாமன் மக ஊருக்குக் கூரை போட்டிருக்கறீங்க.

— நீ நெனைக்கற மாதிரி ஒண்ணுமில்ல அம்மிணி.

— நான் நெனைக்கறது இருக்கட்டும். அவளத்தான மொதல்ல உங்களுக்குப் பேசி வெச்சிருந்தாங்க? காப்பிப்பழம் பறிக்கறப்ப அவ மூட்டைய எடை போடற எடம் வரைக்கும் தூக்கிட்டுப் போனது ஆரு? நானும் அதே வரிசையிலதான் பறிச்சேன். என் மூட்டைய நாந்தான் தூக்கினேன். பதினோரு வருசமாச்சு, என் தோளு இன்னும் மறக்கல.

— அவளுக்கு அன்னிக்குக் கால்ல முள்ளு குத்தியிருந்துச்சு.

— எனக்குக் குத்தியிருந்தாத் தூக்கியிருப்பீங்களா?

— பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கெளர்ற?

— இனிமே கெளரல. இந்தப் படத்த எடுத்துக்கிட்டு நீங்க தலைச்சோலை பஸ் ஏறுங்க. நான் அடுத்த பஸ்ல எங்கம்மா ஊட்டுக்கு ஏறிக்கறேன்.

— படம் என்னுதே இல்ல. அவ புருசன் விஜயகுமாரு குடுத்துவுட்டது. அவனுக்கு எழுத வராது, மேல பேரு மட்டும் என்னைய எழுதச் சொன்னான். ஆளுக்கு ஒரு ஸ்டேஷன்னு பிரிச்சுக்கிட்டோம். மரியதாசு அஸ்தம்பட்டி வெச்சான், ஜோஸ்வா அடிவாரம் வெச்சான். தலைச்சோலை அவனுது. கூரை, பெஞ்சு, செடி எல்லாம் அவன் கைவேல.

— அப்ப அவனே கொண்டாந்து குடுக்கறதுதான? இந்தச் சேர்வராயன் திருவிழாவுக்கு அவன் வர்றான்னு அமுதா பஸ் ஸ்டாண்டுல நின்னு ஊருக்கே சொல்லிட்டிருந்தா. புதுச்சேலை எடுத்துட்டா. ‘மலைக்காரங்க ரண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் மேஸ்திரி லீவு குடுப்பாரு, இந்தத் தடவ எங்க ஊட்டுக்காரரு மொறை’ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. ரண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல.

— சொல்லியிருப்பா.

— பாத்தா, நீங்க வந்து நிக்கறீங்க. அவன் மொறையில நீங்க எப்படி வந்தீங்க?

— கிளியூரக் குடுத்துட்டு வந்தேன்.

— என்னது?

— என் பங்குக்கு நான் கிளியூரு வெச்சிருந்தேன், சசி. கோடு தலைச்சோலைக்குத் திரும்பணும்னா கிளியூரு நடுவுல நிக்குதுன்னான். ‘நான் அழிச்சுக்கறேன், உன் லீவ எனக்குக் குடு’ன்னு வெளையாட்டுக்குத்தான் கேட்டேன்.

— குடுத்துட்டானா?

— மறு பேச்சில்ல. அன்னிக்கே மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டான். ‘எனக்குப் பதிலா இந்தப் படம் போகட்டும், அமுதா பாத்தாச் சந்தோசப்படுவா’ன்னான். தங்கமான மனுசன்.

— போன திருவிழாவுக்கு ஏன் வரல, அந்தத் தங்கம்?

— ஓவர்டைம் கெடைக்குதுன்னு நின்னுட்டான்.

— பொங்கலுக்கு?

— ஆருக்கோ மாத்தி உட்டான். ஜோஸ்வாவுக்குன்னு நெனைக்கறேன்.

— அவகூட போன்ல பேசறானா?

— செட்டுக்குள்ள நான் பாத்ததில்ல. வெளிய போய்ப் பேசுவான்… ஆருகிட்டன்னு தெரியாது. என்ன சசி, அப்படியே தரையில ஒக்காந்துட்ட?

— வராத ரயிலுக்கு பெஞ்சு போடறான். வர்ற பஸ்ல ஏற மாட்டேங்கறான். உங்களுக்கு ஒண்ணுமே தோணலயா?

— தீவாளிக்கு வர்றேன்னு சொன்னானே.

— அவன் வரமாட்டான்ங்க.

— நீயா ஒண்ணு சொல்லாத. படத்தக் குடு, மத்தியான பஸ்ல போய்க் குடுத்துட்டு வந்தர்றேன். அவ பாத்துட்டிருப்பா.

— நீங்க வேண்டாம். நானே கொண்டு போறேன்.

— உனக்குத்தான் அவளக் கண்டாலே ஆவாதே. இரு, நானும் கூட வர்றேன். ரண்டு பேருமாப் போலாம்.

— நீங்க வராதீங்க. இன்னிக்கு உங்கள என்கூடப் பாத்தா அவளுக்கு எரியும்.