கவனக்குறைவு என்று எழுத வேண்டாம்

உண்மையான பல் வெள்ளையாக இருக்காது, மேடம். ஈறுக்குப் பக்கத்தில் லேசான தேன் நிறம், நடுவில் தந்த நிறம், நுனியில் நிறமே இல்லாத ஒரு சாம்பல். உங்கள் முன்பல்லில்கூட இடது ஓரம் ஒரு பால் புள்ளி இருக்கிறது. சின்ன வயதில் காய்ச்சல் வந்திருக்கும். யாராவது அதை மறைத்துத் தருகிறேன் என்றால் விடாதீர்கள், அழகாக இருக்கிறது.

இந்த மண்டாவே ஊரில் பெர்லிட்டா ஊய் அம்மா நடத்தும் பல் செய்யும் கூடத்தில் கடைசி மேசை என்னுடையது. மற்றவர்கள் மெழுகில் பல்லைச் செய்து, சாந்தில் புதைத்து, உலையில் மெழுகை எரித்துவிட்டு, பீங்கானை உருக்கி அந்தக் குழிக்குள் அழுத்துவார்கள். ஆறியதும் சாந்தை உடைத்தால், பல் ஒரு காம்போடு வெளியே வரும், மண்ணிலிருந்து பிடுங்கிய கிழங்கு மாதிரி. காம்பை அறுத்து, அறுத்த இடத்தைத் தேய்த்து, பக்கத்துப் பல்லோடு இடிக்காமல் பொருத்தி, வண்ணம் தீட்டி, மினுக்குப் பூச்சு ஏற்றி மறுபடி உலையில் வைப்பது என் வேலை. அதுவரைக்கும் அது வெறும் பீங்கான். என் கையை விட்டுப் போகும்போதுதான் அது பல்.

காம்பு இருந்த இடத்தைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூடேறினால் உள்ளே மயிரிழை போல விரிசல் விழும். மேலே பூச்சு ஏறிவிட்டால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் அது தெரியாது. வேலைக்கு வந்தவுடன் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான், புதியவர்கள் செய்யும் முதல் தப்பும் இதுதான்.

ரொடேலியோ லாப்ராவை உங்களுக்குத் தெரியும். காலை வானொலியில் மேயர் முதல் மீன்காரி வரை எல்லோரையும் கிழித்துத் தொங்கப்போட்டவர். அவரிடம் கிழிபட்டவர்கள்தான் அவர் சவ ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்று அழுதார்கள். மேல்வரிசை முன்பற்களுக்கு கேப் போட, நிறம் பார்ப்பதற்காக எங்கள் கூடத்துக்கே வந்தார். அவர் வயதுக்கும் தோலுக்கும் ஏற்ற மாதிரி இழைத்து இழைத்துச் செய்தேன். செய்த நாளெல்லாம் சந்தோஷமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். பொருத்திக் காட்டிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வயதில் மூத்தவன் என்பதால் எல்லோரையும் போல அவரும் என்னை 'நோங்' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன நோங் எலியோ இது, காபி குடிச்ச வாய் மாதிரி இருக்கு?"

"இயற்கையா இருக்கட்டும்னுதான் சார்."

"இயற்கையா இருந்ததைத்தானே காசு குடுத்து ராவித் தள்ளிட்டு வந்திருக்கேன்? எனக்கு வெள்ளை வேணும். நல்ல கக்கூஸ் பீங்கான் வெள்ளை. நான் இருட்டுல சிரிச்சா எதிர்ல வர்ற டிரைசைக்கிள்காரன் பிரேக் போடணும்."

மறுநாள் வானொலியில் சொன்னார்: "மண்டாவேயில ஒரு பல் கொத்தனார் இருக்காரு, மக்களே. வெள்ளையடிச்சுக் குடுய்யான்னா பாசி பிடிச்ச சுவரைக் கட்டிக் குடுக்கறாரு." அன்றிலிருந்து தெருவில் எனக்கு வேறு பெயர் கிடையாது. ரொட்டிக் கடைக்காரி, "கொத்தனாரே, நேத்து ரொட்டிதான் இருக்கு, பரவாயில்லையா, இல்ல செங்கலுக்கு வச்சுக்கறீங்களா?" என்றாள். என் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். இருந்தாலும் எனக்கு மிகவும் வலித்தது.

இதற்காகவா ஒரு மனிதனைக் கொல்வார்கள் என்று கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன், மேடம், நான் அவசரக்காரன் அல்ல. அவர் கேட்டதை அப்படியே கொடுத்துவிடுவது என்று கடைசியில் முடிவு செய்தேன். வெள்ளை கேட்டார், வெள்ளை கொடுத்தேன். உறுதியும் வேண்டும் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை.

ஒரே ஒரு நடுப்பல்லில் மட்டும் தண்ணீரை மூடிவிட்டு, காம்பு இருந்த இடத்தில் சுழலும் வைரத் தகட்டை அழுத்திப் பிடித்தேன். விரல் நுனியில் சூடு தெரியும்வரை பிடித்தேன். பிறகு பூச்சு ஏற்றி உலையில் வைத்தேன். பளபளவென்று வந்தது. லாப்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. வானொலியிலேயே என்னைப் பெரிய மனதோடு மன்னித்தார்.

திருவிழாவில், முழுதாகச் சுட்ட லெச்சோன் பன்றியின் மொறுமொறுத் தோலைக் கடித்துக்கொண்டே யாரையோ கிண்டல் செய்து சிரித்தார். பல் உடைந்து, துண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. ஊர் முன்னால் பல்லுடைந்து நிற்பார் என்று நினைத்திருந்தேன். செத்தும் போகலாம் என்றும் நினைத்திருந்தேன். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியிருக்கவே மாட்டேன். மணிலாவிலிருந்து வந்த நிபுணர் உடைந்த துண்டை லென்ஸில் பார்த்துவிட்டு, "கத்துக்குட்டி வேலை. தண்ணியில்லாமத் தேய்ச்சிருக்கான். கவனக்குறைவு" என்றார். பெர்லிட்டா அம்மா அதே வானொலிக்குப் போய், "எங்க ஆளு கொஞ்சம் அசந்துட்டாரு. வயசாச்சு, கை முன்ன மாதிரி இல்ல" என்று மன்னிப்புக் கேட்டார். என் கை முன்பைவிட இப்போதுதான் நன்றாக இருக்கிறது. மேசையைச் சுற்றி எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். கொத்தனார் என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடக்கம் முடிந்த கையோடு உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். "நோங், உங்களுக்கு மனசாட்சி உறுத்துது, அவ்வளவுதான். கை தவறினவங்க எல்லாம் கொலைகாரங்க ஆயிட முடியுமா? போய்க் கஞ்சி குடிச்சிட்டுப் படுங்க" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் எனக்கு எதுவும் உறுத்தவில்லை, தூக்கமும் நன்றாக வருகிறது. அவர் வாயிலிருக்கும் மற்ற பற்களை எடுத்துப் பாருங்கள், ஒன்றில்கூடக் குறை இருக்காது என்று கெஞ்சினேன். ஒரு பல்லுக்காகப் புதைத்த ஆளைத் தோண்ட முடியாது என்றீர்கள். நியாயம்தான். எனவே சாட்சியை நானே தயார் செய்ய வேண்டியதாயிற்று.

பெர்லிட்டா அம்மாவுக்கு முன்பல்லில் பழைய கேப் ஒன்று, ஈறோரம் கறுத்துப்போய் இருந்தது. "எலியோ, இதை நீயே மாத்திக் குடு. உன் வேலையை நானே போட்டிருக்கேன்னு ஜனங்க பார்க்கட்டும். அப்பத்தான் உன்மேல பழையபடி நம்பிக்கை வரும்" என்றார். என்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எல்லோரும் சொன்னபோது, முடியாது என்ற ஒரே ஆள் அவர்தான். நன்றி மறக்கிறவன் அல்ல நான். என் வாழ்நாளில் அப்படி ஒரு பல் செய்ததில்லை. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதிலும் ஒரு இடத்தில் தண்ணீர் விடவில்லை. அதே இடம், அதே அழுத்தம். ஒரு தடவை உடைந்தால் கவனக்குறைவு என்பீர்கள். அச்சு அசலாக மறுபடியும் உடைந்தால், தெரிந்து செய்த வேலை என்று அந்த மணிலாக்காரரே ஒத்துக்கொண்டாக வேண்டும்.

இன்று பெர்லிட்டா அம்மாவுக்குப் பிறந்தநாள். நான் புறப்படும்போது லெச்சோனை மேசைமேல் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் தோல் துண்டு எப்போதும் அவருக்குத்தான். போன் செய்வதானால் செய்யுங்கள், அங்கே பாட்டுச் சத்தத்தில் யாருக்காவது காதில் விழுமா என்று தெரியவில்லை. அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது, மேடம். கோபத்தோடு தேய்த்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.